வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? படைமுகாம் அருகிலுள்ள ஆலை ரசாயனங்களின் ஆபத்தைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குமரி மாவட்டம் கல்குளம் தாலுகாக்காரன். ராணுவத்தில் 24 வருஷம் இருந்தேன். கடைசி ஏழெட்டு வருஷம் ரசாயனப் பாதுகாப்புப் பயிற்சியோடு ஒட்டிய வேலை. இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் தக்கலைப் பக்கம், படையில் சேரத் தயாராகும் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும், அவர்களைக் கொண்டுவிட வரும் அம்மா அப்பாக்களும், சில பழைய படைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

படைமுகாம் என்றால் எதிரி விடும் விஷவாயுவுக்குத்தானே பயப்பட வேண்டும்? ஃபேக்டரி ரசாயனத்துக்கு இதில் என்ன வேலை?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வடக்கே ஒரு முகாமில் இருந்தபோது ஒரு விடிகாலை கண் எரிச்சலோடு முழித்தோம். பாதிப் பேர் பயிற்சியில் படித்தபடி மாஸ்க்கை எடுத்து மாட்டினார்கள். எரிச்சல் குறையவில்லை. சுற்றுச்சுவருக்குப் பின்னால் உருளைக்கிழங்கு வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருந்திருக்கிறது. அதில் ஒரு வால்வு போய் அமோனியா கசிந்திருக்கிறது. சின்னக் கசிவுதான், யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அன்று மத்தியானம் அதிகாரி எங்களை வரிசையாக நிறுத்தி, ‘சுவருக்குப் பின்னால் என்ன இருக்கு?’ என்று கேட்டார். இரண்டு வருஷமாக அந்த முகாமில் இருந்த எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. சரி, நீயே போய்ப் பார்த்து வரைந்து கொண்டுவா என்று என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். இந்த வேலைக்குள் நான் வந்தது அப்படித்தான்.

போர் வாயுவை எதிரி கொண்டுவர வேண்டும். அமோனியாவும் குளோரினும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி முன்பே அங்கே குடியிருக்கின்றன.

உலகத்தில் நிஜமாகவே படைமுகாம்கள் இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா?

நிறைய. இராக்கில் மோசூலுக்குத் தெற்கே மிஷ்ராக் என்ற இடத்தில் கந்தக ஆலை ஒன்று உண்டு. 2003 ஜூனில் அங்கே குவிந்து கிடந்த கந்தகம் தீப்பிடித்து, கிட்டத்தட்ட ஒரு மாதம் எரிந்தது. அந்த வட்டாரத்தில் இருந்த அமெரிக்கப் படையினர் கந்தக டைஆக்சைடு புகையில் நின்றே அணைக்கும் வேலையில் உதவினார்கள். மூச்சுக்கோளாறு பற்றிய புகார்கள் பல வருஷம் தொடர்ந்தன. 2016 அக்டோபரில் ஐஎஸ் அமைப்பினர் அதே இடத்தில் தீ வைத்தபோது, பக்கத்து கய்யாரா விமானதளத்தில் இருந்தவர்கள் மாஸ்க் போட வேண்டியிருந்தது. ஒரே ஆலை, 13 வருஷ இடைவெளியில் இரண்டு தடவை.

ஜப்பானில் அட்சுகி என்ற அமெரிக்கக் கடற்படை விமானதளம் இருக்கிறது. அதன் வேலியை ஒட்டியே ஒரு தனியார் குப்பை எரிக்கும் ஆலை. புகைபோக்கி பள்ளத்தில் நின்றதால், புகை நேராகக் குடியிருப்புகளின் உயரத்துக்கே வந்தது. 2001இல் மூடப்படும்வரை பல வருஷம் குடும்பங்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தன.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் முகாமில் 1950களில் தொடங்கி 1980கள்வரை குடிநீரில் ரசாயனக் கரைப்பான்கள் கலந்திருந்தன. முகாமின் ஒரு குடியிருப்புப் பகுதிக்கு வந்த விஷம், வேலிக்கு வெளியே இருந்த துணி வெளுக்கும் கடை ஒன்றிலிருந்து நிலத்தடியில் இறங்கியது. டிரை கிளீனிங் கடைதான். அதைப் பார்த்து எந்தச் சிப்பாய்க்கு ஆபத்து என்று தோன்றும்? முகாமின் மற்ற பகுதிகளில் அவர்களுடைய சொந்தத் தொட்டிகளே ஒழுகின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் 1984 டிசம்பர் 2–3 இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, அந்த நகரத்தில் ராணுவப் பயிற்சி மையமும் இருந்தது. படையினர் மக்களை வெளியேற்ற வண்டிகளோடு இறங்கினார்கள். 2020 மே 7 விடிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கும் ஊர் அது. ஆபத்தில் இருப்பவரும் உதவிக்கு ஓட வேண்டியவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் இதில் சிக்கல்.

குமரி மாவட்டத்தில் பெரிய கண்டோன்மென்ட் எதுவும் கிடையாதே. நாங்கள் ஏன் இதைப் படிக்க வேண்டும்?

இங்கே இல்லைதான். வடக்கே திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளம், மேற்கே திருவனந்தபுரத்தில் பாங்கோடு முகாம். ஆனால் நம் பிள்ளைகள் பதான்கோட்டிலும் ஜோத்பூரிலும் தேஜ்பூரிலும் இருக்கிறார்கள். குளச்சல் வெற்றியைக் கொண்டாடும் பட்டாளம் மெட்ராஸ் ரெஜிமென்டில் இன்றும் உண்டு. பயிற்சிக்கு உதாரணம் தேட இந்த மாவட்டம் நல்ல இடம்: மலை, கணவாய், வயல், கடல் எல்லாம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கிடைக்கின்றன. அதனால் தக்கலை பக்கம் ஒரு கற்பனை முகாமை வைத்துத்தான் வகுப்பில் பேசுகிறோம்.

கணிப்பை எங்கிருந்து தொடங்குவது?

நடந்து. முதலில் ஒரு சைக்கிளோ பைக்கோ எடுத்து வேலியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போய் வாருங்கள். பெரிய புகைபோக்கி தெரியும் ஆலையை யாரும் விட்டுவிட மாட்டார்கள். விட்டுப்போவது சின்னவைதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால்: சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டினத்திலும் மீனுக்கு ஐஸ் போடும் பிளாண்டுகள், அவற்றில் அமோனியா. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் சிலிண்டர். ரப்பர் பாலை உறையாமல் வைக்க அமோனியா, ஷீட் அடிக்க உறைய வைப்பதற்குப் பார்மிக் ஆசிட். பெட்ரோல் பங்க், கேஸ் கிடங்கு. பூச்சிமருந்து மொத்தக் கடை. முந்திரிக் கொட்டை வறுக்கும் இடத்தின் எண்ணெய்ப் புகை.

ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் குறித்துக்கொள்ள வேண்டும்: பொருளின் பெயர், எவ்வளவு, என்ன நிலையில், இரவில் யாரிடம் சாவி. கடைசிக் கேள்வியைப் புத்தகத்தில் பார்க்க மாட்டீர்கள். கசிவு நடக்கும்போது வால்வை மூடத் தெரிந்த ஆள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். அவனுடைய போன் நம்பர் ஒரு லட்ச ரூபாய்க் கருவியைவிட உதவும்.

அப்புறம், அந்த நோட்டைப் பூட்டி வையுங்கள். எங்கே என்ன கெமிக்கல் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்ற வேண்டிய சமாச்சாரம் அல்ல.

எது அதிக விஷமோ அதுதானே அதிக ஆபத்து?

பாதி சரி. விஷம் உங்கள் மூக்குவரை வந்து சேர வேண்டுமே! ஆவியாகாத கொடிய விஷம் டிரம்மிலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தொடுபவனுக்குத்தான் ஆபத்து. சுமாரான விஷம், ஆனால் சட்டென்று வாயுவாகும் என்றால் ஊரையே எழுப்பிவிடும். திரவ குளோரின் −34 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 450 லிட்டர் வாயுவாக விரியும். நாம் புழங்கும் பெரிய குளோரின் உருளையில் 900 கிலோ இருக்கும். பார்மிக் ஆசிடும் கேடுதான், தோலைப் பொசுக்கும், ஆனால் கேன் உடைந்தால் பெரும்பாலும் அந்தக் கொட்டகையோடு முடியும்.

1990களில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து அமைத்த ஐடிஎஃப்-25 என்ற குழு, படைகள் கவலைப்பட வேண்டிய ஆலை ரசாயனங்களை வரிசைப்படுத்தியது. விஷத்தன்மை, ஆவியாகும் வேகம், உலகத்தில் எவ்வளவு பரவலாகக் கிடைக்கிறது என மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெயரே கேள்விப்படாத பொருள்களைத் தேடிப் படிக்கும் பையன்களிடம் நான் சொல்வது இதைத்தான்: மக்கா, முதலில் ஐஸ் பிளாண்டைப் படி.

காற்று, காற்று என்று இவ்வளவு சொல்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

கணக்கில் பாதி காற்றுதான். கடற்கரைப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் மற்றவர்களை முந்திவிடுவார்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து வளர்ந்தவர்கள் அல்லவா. பகலில் கடலிலிருந்து கரைக்கு, இரவில் கரையிலிருந்து கடலுக்கு. கடலோர ஐஸ் பிளாண்டில் பகலில் கசிந்தால் உள்நாட்டில் இருக்கும் நம் கற்பனை முகாம் பக்கம் வரும். இரவில் கசிந்தால் கரையோரத்து வீடுகள் மேல் போகும். ஒரே ஆலை, பன்னிரண்டு மணி நேரத்தில் ஆபத்தின் திசை மாறிவிடுகிறது. வரைபடத்தில் ‘சராசரிக் காற்று’ என்று ஒரே ஒரு அம்புக்குறி போட்ட அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வேகம் அடுத்தது. விநாடிக்கு 2 மீட்டர் மெல்லிய காற்று என்றால், ஒரு கிலோமீட்டர் தூரத்தை வாயு கடக்க 500 விநாடி, சுமார் எட்டு நிமிடம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் விநாடிக்கு 10 மீட்டர் அடிக்கிறது என்று வையுங்கள். 100 விநாடியில் வந்துவிடும். ஆனால் அந்த வேகத்தில் கலைந்து நீர்த்துப்போய்த்தான் வரும். அதனால் ஆளை வீழ்த்துவது அந்தப் பேய்க்காற்று இல்லை, அசையாத காற்று. மார்கழி விடிகாலையில் நாஞ்சில் நாட்டு வயல் மேல் சருகுப்புகை பாய் விரித்ததுபோலக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே இருக்கும் சூடான காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துவிடும். வாயு மேலே போகவும் முடியாது, கலையவும் முடியாது. போபால் நடந்தது நள்ளிரவு, விசாகப்பட்டினம் விடிகாலை, 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததும் நள்ளிரவை ஒட்டித்தான். தூங்கும் ஆளும் தூங்கும் காற்றும் சேர்ந்தால் கெட்ட கூட்டு.

தரை மட்டத்தையும் பாருங்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடி ஓடும்: ஓடை, வடிகால், நிலவறை. குண்டுவீச்சுக்குப் பதுங்குகுழியில் இறங்கு என்று பழக்கப்பட்ட சிப்பாய் குளோரினுக்கும் அதில் இறங்கினால் தானே போய் விழுந்ததாக ஆகும். அமோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று புத்தகம் சொல்லும். திரவமாகப் பீறிட்டு வரும்போது குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழ்வதும் உண்டு. புத்தகத்தை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

கம்ப்யூட்டரில் போட்டால் சரியான தூரத்தைச் சொல்லிவிடாதா?

அலோஹா என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமையும் கடல், வளிமண்டல நிர்வாகமும் உருவாக்கியது. பயன்படுத்துங்கள், நல்லதுதான். ஆனால் அது நிலத்தைச் சப்பட்டையாகத்தான் நினைத்துக்கொள்ளும். வேளிமலையும் தெரியாது, கணவாயும் தெரியாது. காற்று மிக மெதுவாக இருந்தால் அதன் கணக்கு நம்பத்தக்கதல்ல என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். நமக்கு அதிக ஆபத்து அந்த நேரத்தில்தான்! ஒரு மணி நேரத்துக்கு மேலும் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் அது வாயே திறக்காது. திரையில் வரும் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் பத்திரம் என்று யாராவது சொன்னால், அவரை ஒரு மார்கழி விடிகாலையில் வயல்வரப்பில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

பிபிஎம் என்று சொல்லும் அளவுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு என்பதுதான் பிபிஎம். உடனடி உயிராபத்து என்று அமெரிக்கத் தொழில்நலத் துறை வைத்திருக்கும் அளவு குளோரினுக்கு 10, அமோனியாவுக்கு 300. அமோனியா அதற்கு வெகு கீழேயே மூக்கைத் துளைத்துத் துரத்திவிடும். ஒரு வகையில் நேர்மையான வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்படி அல்ல. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், செறிவு ஏறினால் மோப்பமே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்துச் சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

ராணுவ மாஸ்க் இருந்தால் போதாதா?

என் கதையில் அமோனியாவை அது தடுக்கவில்லை என்று சொன்னேனே. அதன் வடிகட்டியில் இருக்கும் கரி, நரம்பைத் தாக்கும் போர் வாயுக்களைப் பிடிக்கத் தயாரிக்கப்பட்டது. அமோனியா சீக்கிரமே ஊடுருவிவிடும். கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கவே பிடிக்காது. காற்றில் ஆக்சிஜனே குறைந்துபோனால் எந்த வடிகட்டியாலும் பயனில்லை, முதுகில் சிலிண்டர் சுமக்கும் தீயணைப்பு வீரரின் கருவிதான் வேண்டும். தொழிற்சாலை வடிகட்டிகளில் நிற வளையம் போட்டிருப்பார்கள்: அமோனியாவுக்குப் பச்சை, குளோரினுக்குச் சாம்பல், கந்தக டைஆக்சைடுக்கு மஞ்சள், கரைப்பான் ஆவிக்குப் பழுப்பு. முகாமைச் சுற்றி எது இருக்கிறதோ அந்த நிறம் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும் கணிப்பின் ஒரு பகுதி.

கசிந்துவிட்டது. ஓடுவதா, உள்ளேயே இருப்பதா?

மேகம் இன்னும் வந்து சேரவில்லை, போக வழியும் நேரமும் இருக்கிறது என்றால் காற்றுக்குக் குறுக்காக நகருங்கள். காற்று போகும் திசையிலேயே ஓடினால் அது உங்களைத் துரத்தும். நேரம் இல்லையென்றால் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்து, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு உள்ளே இருங்கள். குளோரின் என்றால் மாடி. சமையல் கேஸ் என்றால் சுவிட்சைத் தொடவே கூடாது, ‘ஆஃப்’ செய்யவும் கூடாது. 112க்கோ 101க்கோ வெளியே வந்த பிறகு பேசுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் முகாம் அரக்கோணத்தில், மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது. முதல் சில மணி நேரத்துக்கு நமக்கு நாம்தான்.

டேங்கர் லாரிகளை எப்படிக் கணக்கில் எடுப்பது?

சாலையையும் ஓர் ஆலையாகவே நினையுங்கள். லாரியின் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும் எச்சரிக்கைப் பலகையில் நான்கு இலக்க ஐநா எண் இருக்கும்: 1005 அமோனியா, 1017 குளோரின், 1075 எல்பிஜி, 1203 பெட்ரோல். களியக்காவிளை செக்போஸ்ட் அருகே டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எண்களை மட்டும் எழுதிவரச் சொல்வேன். பையன்கள் முதலில் சிரிப்பார்கள், திரும்பி வரும்போது சிரிப்பு இருக்காது.

சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா?

போபாலுக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1989ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின்படி, பெரிய அளவு ரசாயனம் வைத்திருக்கும் ஆலை தனக்குள் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆலைக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தின் திட்டம் இருக்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். 1996 விதிகள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழுவை வைத்தன. முகாமும் அக்கம்பக்கத்தார்தான், கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் குளோரினுக்கு 10 டன், அமோனியாவுக்குப் பல பத்து டன் தாண்டினால்தான் ‘பெரிய விபத்து ஆபத்துள்ள ஆலை’ என்ற பட்டியலில் ஏறும். அந்த உருளைக்கிழங்குக் கிடங்கும் நம் ஐஸ் பிளாண்டும் அதற்கு வெகு கீழே. என் பார்வையில் ஓட்டை அங்கேதான்.

முகாமால் ஊருக்கு ஆபத்து வராதா?

வரும். எரிபொருள் தொட்டி, என்ஜின் கழுவும் கரைப்பான், தீயணைப்பு நுரை. நுரையில் இருக்கும் ஒரு வகை ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணில் அழியாமல் கிணற்றுக்கு இறங்குவது பல நாடுகளின் விமானதளங்களைச் சுற்றித் தெரிய வந்திருக்கிறது. ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும் நம் ஊரில் வளர்ந்தவனுக்கு, மேட்டில் ஊற்றியது பள்ளத்துக் கிணற்றில் வரும் என்று விளக்க வேண்டியதில்லை.

கூடங்குளம்?

அது கதிர்வீச்சு. கருவி வேறு, கணக்கு வேறு, இங்கே கலக்க வேண்டாம்.

என் மகன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஃபேக்டரி இருக்கிறதாம். நான் என்ன செய்வது?

இரணியல் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டது இது. போனில் இடம், யூனிட், ஃபேக்டரி பெயர் எதையும் கேட்காதீர்கள் அக்கா, அவன் சொல்லவும் கூடாது. கண் எரிச்சல், இருமல், தலைசுற்றல் இருக்கிறதா, கூட இருப்பவர்களுக்கும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் அன்றைக்கே எம்ஐ ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவ அறைக்குப் போய், தேதியோடு மருத்துவப் பதிவில் எழுதவைக்கச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து நெஞ்சுக்கோளாறு வந்து ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு அலையும்போது, அன்றைக்கு எழுதிய அந்த ஒரு வரியைத்தான் கேட்பார்கள். என்னோடு அந்த விடிகாலையில் இருந்தவர்களில் நான் உட்பட ஒருத்தரும் அதை எழுதவைக்கவில்லை.